அளம்பிலில் இறங்கியவர்கள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ-9 வீதியில் நாவுல இருக்கிறது. இலங்கை இராணுவத்தின் விசேட படையணிக்கு அங்கேதான் தலைமையகம். 1985இல் மேஜர் காமினி ஹெட்டியாராச்சியின் தலைமையில் நாற்பது பேரளவில் தொடங்கிய குழு, பின்னர் பல பட்டாலியன்களாக வளர்ந்தது. பட்டாலியன் என்பது லெப்டினன்ட் கேணல் ஒருவரின் கீழ் இயங்கும், சில நூறு பேர் கொண்ட படை அலகு. இப்படையணியின் முதலாம் பட்டாலியன் 1996 ஜூலையில் முல்லைத்தீவுக்கு அனுப்பப்பட்டது. வானிலிருந்து இறங்கும் காலாட்படை எப்படி இயங்குகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அந்த ஒரு வாரமே தெளிவாகக் காட்டிவிடும்.

வான்வழியாக இறங்குவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, விமானத்திலிருந்து பரசூட்டில் குதிப்பது. மற்றது, ஹெலிகொப்டரில் போய் இறங்குவது. 1971 டிசம்பர் 11 அன்று, இன்றைய வங்கதேசத்தின் தங்காயில் அருகே இந்தியாவின் இரண்டாம் பரசூட் பட்டாலியன் குதித்தது முதல் வகை. இலங்கைப் போரில் பெரிதும் கையாளப்பட்டது இரண்டாம் வகை.

ஹெலிகொப்டரில் இறங்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. எம்ஐ-17 ஒன்றில் ஏறக்குறைய 24 பேர் ஏறலாம். 240 பேரை இறக்கப் பத்துத் தடவை பறக்க வேண்டும். முதலில் இறங்கியவர்கள், கடைசி ஹெலிகொப்டர் வந்து போகும்வரை அந்தத் தரையைக் காக்க வேண்டும். இடையில் எதிரி சுடத் தொடங்கினால் அடுத்த ஹெலிகொப்டர் இறங்க முடியாது. முதலில் வந்தவர்கள் அப்படியே தனித்துவிடுவார்கள். அவர்களிடம் இருப்பது தோளில் சுமந்து வந்தது மட்டுமே. தாங்கியும் இல்லை, கனரகப் பீரங்கியும் இல்லை. ஆகவே தரைவழியிலோ கடல்வழியிலோ இன்னொரு படை வந்து சேர வேண்டும். இதை இணைப்பு என்பார்கள்.

தங்காயிலில் ஒரு நாளுக்குள் இணைப்பு கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் கதை வேறு. 1987 அக்டோபரில், அமைதிப்படையாக இலங்கைக்கு வந்திருந்த இந்தியப் படையினர் யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் இறங்கினார்கள். தமிழீழ விடுதலைப் புலிகள் அவர்களின் வானொலித் தொடர்பை ஒட்டுக்கேட்டு, முன்கூட்டியே காத்திருந்தார்கள். துப்பாக்கிச் சூடு கடுமையாக இருந்ததால் அடுத்தடுத்த ஹெலிகொப்டர்களால் இறங்க முடியவில்லை. சீக்கிய இலகு காலாட்படையின் முப்பது பேரில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பி, கைதியானார். உடன் போன பரசூட் கொமாண்டோக்களைத் தாங்கிகள் வந்து மீட்டன.

முல்லைத்தீவு இராணுவ முகாம் 1996 ஜூலை 18 அதிகாலையில் தாக்கப்பட்டது. சுற்றியிருந்த நிலம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால் உதவி வானிலிருந்தோ கடலிலிருந்தோதான் வர முடியும். லெப்டினன்ட் கேணல் பஸ்லி லாபீர் தலைமையில் விசேட படையினர் தெற்கே அளம்பிலில் இறங்கினார்கள். முகாமை நோக்கிய கரையோர வழி நெடுகிலும் எதிர்ப்பு இருந்தது. மறுநாள் லாபீர் இறந்தார். அதே நாள் கடற்படையின் ரணவிரு என்ற கப்பலையும் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகள் மூழ்கடித்தார்கள். கடல்வழியாக வர வேண்டிய துணைப்படை தாமதித்தது. மீட்புப் படை முன்னேறிய நேரத்தில் முகாம் ஏற்கெனவே விழுந்திருந்தது. தப்பிய சிலரை மீட்டுக்கொண்டு ஜூலை 25 அளவில் படை திரும்பியது. ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட படையினர் உயிரிழந்தார்கள். லாபீருக்கு, நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம வீர விபூஷணய மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அளம்பிலில் இறங்கியவர்களின் துணிவைச் சந்தேகிக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. ஆனால் அவர்கள் எவ்வளவு விரைவாகப் போய் இறங்கினாலும், கடல்வழி இணைப்பு பிந்தியதைத் துணிவால் ஈடுசெய்திருக்க முடியாது. படையணி வரலாறுகளில் இன்னொரு குறையும் உண்டு. அவை இறங்கிய படையினரை எண்ணுகின்றன. அந்தத் தரையில் குடியிருந்தவர்களைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. 1987இன் அதே நாட்களில் யாழ் பல்கலைக்கழகத்துக்கு அருகே, கொக்குவில் பிரம்படியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அந்த இறப்புகளும் அதே நடவடிக்கையின் வரலாற்றில் சேர வேண்டியவை.