நடைபாதை யாருக்கு?

"ஜனங்கள் பார்த்து நடப்பதில்லை, அதனால்தான் விபத்து" என்று அதிகாரிகள் உபதேசிக்கிறார்கள். எங்கே நடப்பது, ஐயா?

சென்னையில் குடியிருப்புத் தெருக்களைப் பாருங்கள். இரு ஓரமும் கார்கள். அந்த இடத்துக்குக் காலணா வாடகை கிடையாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை நடுரோட்டில் நடக்கிறது!

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். கார் இல்லாததுதான் இவர்கள் செய்த குற்றமா?

குடியிருப்புத் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சென்னைப் போலீஸ் 2023-ல் அறிவித்தது. 30-ல் மோதினால் பிழைக்க வழியுண்டு. 60-ல் மோதினால் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆனால் வேகத்தடை இல்லாத தெருவில் அறிவிப்பு எந்த வண்டியை நிறுத்தும்? நடைபாதை, உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே கூறிவிட்டது. இருந்தும் 'ஆக்கிரமிப்பு' என்று தூக்கப்படுவது இட்லி விற்கும் தாயின் தள்ளுவண்டி. பக்கத்தில் நிற்கும் காரை யாரும் தொடுவதில்லை! தெரு வியாபாரிகளைப் பாதுகாக்கும் 2014-ம் வருஷச் சட்டம் காகிதத்தில் தூங்குகிறது.

பள்ளி வாசல்தோறும் வேகத்தடை வேண்டும். இடையில் அறுபடாத நடைபாதை வேண்டும். தெருவில் நிற்கும் காருக்குக் கட்டணமும், வியாபாரிக்கு உரிய இடமும் வேண்டும். வார்டுதோறும் கையெழுத்துத் திரட்டுவோம், வாருங்கள்! வீதி மக்கள் சொத்து. அதை மக்களே மீட்க வேண்டும்!