வேலையும் பூங்காவும் ஒரே திட்டமாக வேண்டும்: முத்தாண்டிக்குப்பம் சுற்றுவட்டார மக்களின் கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், கடலூர்; தலைவர் மற்றும் மேலாண்மை இயக்குநர், என்.எல்.சி. இந்தியா நிறுவனம், நெய்வேலி.



முத்தாண்டிக்குப்பம் சுற்றுவட்டாரத்தில் உள்ளூர் ஆட்களுக்கு வேலையும் ஊருக்குப் பொதுப் பூங்காவும் ஒரே திட்டமாக வேண்டுமென எங்கள் சங்கத்தின் சார்பில் கோருகிறோம். தனித்தனியே கேட்டால் ஒன்று ஆள்சேர்ப்புப் பிரிவுக்கும் மற்றொன்று தோட்டப் பிரிவுக்கும் போய், இரு கோப்புகளும் இரு அலமாரிகளில் தூங்கும்.

இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்பது புதுமையல்ல. இங்கிலாந்தில் 1946ஆம் ஆண்டின் புதிய நகரங்கள் சட்டப்படி எழுந்த ஸ்டீவனேஜ், ஹார்லோ ஆகிய ஊர்களில் வீடு, தொழிற்சாலை, பசுந்திடல் மூன்றும் சேர்ந்தே திட்டமிடப்பட்டன. அடுத்த பத்தாண்டில், 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். வட்டம் வட்டமாகக் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, மரம் அடர்ந்த சாலை என்று நகரியமும் அதே முறையில் அமைந்தது. அந்தத் திட்டம் நகரிய எல்லையோடு நின்றதுதான் குறை. எங்கள் ஊரைச் சுற்றி முந்திரித் தோப்புகள் இருக்கும்போது பூங்கா எதற்கு என்பார்கள். தோப்பு தனியார் சொத்து. பிள்ளைகள் ஓடியாடவும் முதியோர் மாலையில் உட்காரவும் உரிமையுள்ள இடம் வேறு. தோப்பு தரும் வேலையும் மகசூலோடு கோடையில் முடிந்துவிடுகிறது.

உள்ளூர் ஆட்களுக்கு வேலை கேட்டால், வசிப்பிடத்தைக் காட்டி அரசுப் பணியில் பாகுபாடு கூடாதென்று அரசியலமைப்பின் 16(2) பிரிவு தடுக்கிறதே என்ற மறுப்பு வலுவானதுதான். ஆனால் நாங்கள் நிரந்தரப் பணியிடங்களில் ஊர் ஒதுக்கீடு கேட்கவில்லை. நிலம் கையகப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு, திட்டத்தால் வேலைவாய்ப்பு உண்டாகுமிடத்தில், வேலை அல்லது அதற்கீடான தொகை என்ற தெரிவை 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே தருகிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குப் பயிற்சி தரவும் வழி இருக்கிறது. பக்கெட் வீல் எந்திரங்கள் வந்தபின் சுரங்கத்தில் ஆள் தேவை குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் மரம் வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறோம்: நாற்றங்கால், குழி வெட்டு, பாத்தி கட்டு, தண்ணீர் விடுதல், காவல் எல்லாம் ஆண்டு முழுதும் மனிதக் கை கேட்பவை.

பூங்கா அமைப்பது நிறுவனத்தின் வேலையா? நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. சுற்றுப்புறத்துக்கு முன்னுரிமையும் தரச் சொல்கிறது. பூங்காவுக்குத் தண்ணீரும் இருக்கிறது: பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழுள்ள ஊற்றின் அழுத்தத்தைக் குறைக்க, சுரங்கத்தில் ஓயாது நீர் இறைத்தாக வேண்டும். அந்த நீரில் பாசனத்துக்குப் போனது போக ஒரு பங்கு பூங்காவுக்குப் போதும்.

ஆகவே, ஊராட்சிப் புறம்போக்கில் தகுந்த இடத்தை அளந்து பூங்காவுக்கு ஒதுக்கவும், அதன் பராமரிப்பை நியாயமான கூலியுடன் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கவும், எங்கள் பகுதி இளைஞர்களுக்குத் தொழில் பழகுநர் பயிற்சி முகாம் நடத்தவும் கேட்டுக்கொள்கிறோம். ஆட்சியர் தலைமையில் நிறுவனத்தினரும் ஊராட்சிப் பிரதிநிதிகளும் ஒன்றாக அமரும் கூட்டத்துக்கு முதலில் தேதி குறித்துத் தருமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
முத்தாண்டிக்குப்பம் சுற்றுவட்டார ஊர் மக்கள் சங்கத்தினர்