மிதிவண்டிக்கு ஒரு பாதை வேண்டும்!

(இளம் அறிவியல், வேதியியல் – இரண்டாம் ஆண்டு)

கால் உள்ளவர்க்கெல்லாம் கார் உண்டா? பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் வீட்டில் கார் நிற்கிறது? கை தூக்கச் சொன்னால் வகுப்புக்கு ஒரு கை உயர்ந்தால் பெரிது. ஆனால், "மிதிவண்டி இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயரும். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி நம் வீடுகளில் இருக்கத்தான் செய்கிறது. அடுத்து இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "அதை இன்றும் ஓட்டுகிறீர்களா?" உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்துவிடும்!

ஏன் இந்த நிலை? மிதிக்கக் கால்கள் ஓய்ந்துவிட்டனவா? இல்லை. மிதிப்பதற்குப் பாதை இல்லை என்பதே உண்மை.

எங்கள் ஊர் அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு நடுவே இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் நான் சைக்கிளில்தான் வந்தேன். ஒரு நாள் காலை, பாரம் ஏற்றிய லாரி ஒன்று என்னைக் கடந்து சென்றது. அது என்னைத் தொடவில்லை. அதன் காற்றே என்னைச் சாலையோரப் பள்ளத்தில் தள்ளிற்று. முழங்காலில் சிராய்ப்பு, புத்தகங்களில் சேறு, அவ்வளவுதான். ஆனால் அன்று மாலை அப்பா சைக்கிளை எடுத்து மாட்டுக் கொட்டகையில் சாத்தி வைத்துவிட்டார். அவர் திட்டவில்லை. "நம்ம குடும்பத்துல மொதமொதல்ல காலேஜுக்குப் போற புள்ள நீதாம்மா. இந்த ரோட்டுல ஒன்ன அனுப்பிட்டு என்னால வேலவெட்டி பாக்க முடியாது. பஸ்ஸுலயே போ" என்றார். அன்று முதல் பேருந்து வந்தால் எனக்கு முதல் வகுப்பு உண்டு; வராவிட்டால் இல்லை.

லாரிகளைப் பழிப்பது என் நோக்கமன்று. என் தாய்மாமன் பிழைப்பும் லாரி ஓட்டுவதுதான். நம் மண்ணின் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி எங்கெங்கோ வீடாகவும் பாலமாகவும் பள்ளிக்கூடமாகவும் எழுகிறது. அதனால் நம் வீட்டு அடுப்பும் எரிகிறது. ஆனால் கல்லுக்குச் சாலை உண்டு, கல்வி கற்கப் போகும் பிள்ளைக்குச் சாலை இல்லை என்றால் அது முறையாகுமா?

இந்தக் கேள்வி என் மனத்தில் இருந்தபோதுதான் சென்ற பொங்கலுக்குப் பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கத்தில் உள்ள சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தியின் மகளும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் ஊருக்கு வெளியே கிளம்பினோம். தார்ச்சாலை முடிந்து சரளை பரவிய வண்டிப்பாதை தொடங்கியது. இருபுறமும் மழைநீர் அறுத்து அறுத்து ஆயிரம் மடிப்பாக்கிய களிமண் மேடுகள். புல் பூண்டு அரிது. வேறொரு உலகத்தில் நுழைந்தது போல் இருந்தது. தரையில் கண்ணாடிச் சில்லுகள் போல ஏதோ மின்னிற்று. எடுத்துப் பார்த்தேன்: ஜிப்சம்! ஆய்வகத்தில் கால்சியம் சல்பேட் என்று வெள்ளைத் தூளாகப் பார்த்த பொருள், இங்கே வெயிலில் தகடு தகடாகச் சுடர்விட்டுக் கிடந்தது. பார்த்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்துவிட்டு மேலே மிதித்தோம்.

நண்பர்களே, அந்த இடம் கடலாக இருந்த நிலம். காரைக்கும் கொளக்காநத்தத்திற்கும் இடைப்பட்ட அந்த மேடுகள், ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கிரெட்டேசியஸ் காலக் கடலடியில் படிந்த சேறு. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் என்னும் உயிரினங்கள் அங்கே நீந்தின. இன்று அவை உலகில் எங்கும் இல்லை. அருகே சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்தார்; இன்று அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். பிளான்போர்டு, ஸ்டோலிஸ்கா போன்ற அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த வட்டாரத்துப் பாறைகளையும் படிவங்களையும் ஆராய்ந்து எழுதினார்கள். எங்கெங்கோ இருந்து அறிஞர்கள் தேடி வந்த இடத்தை, இருபது வயதுவரை நான் பார்த்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு உண்மையும் அன்றுதான் உறைத்தது. அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் நிறைந்திருப்பவையும் இக்காலத்தின் பிற்பகுதியில் வாழ்ந்த கடற்சிப்பிகளே. என்னைப் பள்ளத்தில் தள்ளிய லாரி ஏற்றிச் சென்றதும் பழங்கடலைத்தான்!

அந்தப் பாதையில் நான் அடைந்த பெரிய மகிழ்ச்சி எது தெரியுமா? ஹாரன் ஒலி இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முதலாக, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் சைக்கிள் ஓட்டினேன்.

அந்த மகிழ்ச்சி ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு வந்தன. பாதையை விட்டு விலகி, மேட்டின்மேல் ஏறுவதும் சரிந்து இறங்குவதுமாக அந்த இளைஞர்கள் விளையாடினார்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர். தம் காலடியில் இருப்பது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் மென்மையான அந்தக் களிமண்ணில் இன்று விழும் சக்கரத் தடம், நாளைய மழைக்கு ஓடையாகும். பத்துக் கோடி ஆண்டுகள் தாங்கிய சிப்பி ஒரு நொடியில் பொடியாகும். அந்த மண்ணுக்கும் என் போன்றவர்களுக்கும் ஆபத்து ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்று அப்போது தோன்றியது. எனவே, இரண்டுக்கும் மருந்து ஒன்றாகவே இருக்கட்டும் என்கிறேன். காரை முதல் சாத்தனூர் வரை இப்போதே இருக்கும் வண்டிப்பாதைகளை இணைத்து, மோட்டார் நுழையாத மிதிவண்டிப் பாதையாக அறிவிக்க வேண்டும்.

"இது நடக்கிற காரியமா?" என்று சிலர் நகைக்கலாம். நடந்திருக்கிறது! அமெரிக்காவில் அகாடியா தேசியப் பூங்காவின் பாறை மலைகளிடையே ராக்ஃபெல்லர் என்னும் செல்வர் 1913 முதல் 1940 வரை உடைகல் பரப்பிய பாதைகளை அமைத்தார். மோட்டார் வண்டிகள் புகக்கூடாது என்பதே அவர் நோக்கம். ஏறத்தாழ 45 மைல் நீளமுள்ள அப்பாதைகளில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள், மிதிவண்டி ஓட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? இராஜஸ்தானத்துப் பரத்பூர்ப் பறவைகள் சரணாலயத்தில் மக்கள் மிதிவண்டியிலும் சைக்கிள் ரிக்‌ஷாவிலும் சென்று பறவைகளைக் காண்கிறார்கள். 1985இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பூங்கா அது. மேலை நாட்டார் இன்று சரளைச் சாலைக்கென்றே தடித்த டயர் பூட்டிய சைக்கிள்களைப் பெரும் விலைக்கு வாங்குகிறார்கள்; அமெரிக்காவின் எம்போரியா நகரில் 2006இல் தொடங்கிய சரளைச் சாலைப் பந்தயத்தின் தூரம் 200 மைல்! நம் ஊர்ப் பால்காரரோ, இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு அதே சரளையில் நாள்தோறும் பந்தயம் இல்லாமலே ஓட்டுகிறார்.

பாதை அமைக்கக் கோடிகள் வேண்டாம். தார் போடவே கூடாது. நுழையும் இடங்களில் கல் நட்டு, மிதிவண்டி மட்டும் புகும் அளவுக்கு இடைவெளி விட்டால் போதும். பாதையை விட்டு மேட்டில் ஏறுதல், படிவங்களைப் பொறுக்கிச் செல்லுதல் இரண்டும் கூடாது என்று தமிழில் பலகை வைக்க வேண்டும். மழை நாட்களில் களிமண் இளகும் என்பதால் பாதையை மூடிவிட வேண்டும். வாடகைச் சைக்கிள் தரும் பொறுப்பை உள்ளூர் மகளிர் குழுவிடம் கொடுக்கலாம். பார்க்க வருபவரின் பத்து ரூபாய் ஊரிலேயே தங்கும்.

"உழவர் டிராக்டர் எப்படிப் போகும்? ஆட்டுக்காரர் எங்கே போவார்?" என்ற கேள்வி நியாயமானது. என் அப்பாவே அதைத்தான் முதலில் கேட்டார். வயலுக்குச் செல்லும் வழியை மறிப்பது என் எண்ணமன்று. வயலும் வீடும் இருக்கும் பகுதியை விட்டுவிட்டு, கேளிக்கைக்கு வரும் மோட்டாரை மட்டுமே நிறுத்தச் சொல்கிறேன். எந்தப் பாதை யாருக்கு வேண்டும் என்பதை ஊரார் கூடி முடிவு செய்யட்டும்.

"பூங்காவில் பாதை போட்டால் நீ கல்லூரிக்கு வர முடியுமா?" என்று என் தோழி கேட்டாள். முடியாதுதான். அதனால் இரண்டாவது கோரிக்கையும் உண்டு. 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, சுரங்கம் நடத்துவோர் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு நிதி செலுத்துகிறார்கள்: பழைய குத்தகையானால் உரிமைத் தொகையில் 30 விழுக்காடு, ஏலத்தில் வந்ததானால் 10 விழுக்காடு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் நலனுக்கே அந்தப் பணம். அரியலூர்ப் பக்கத்து லாரிச் சாலைகளின் ஓரம், பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் பிள்ளைகளுக்காகத் தடுப்புடன் கூடிய ஒரு சரளைத் தடத்தை அந்தப் பணத்தில் போடலாமே! காரைப் பாதை, மிதிவண்டிக்கும் தனி வழி உண்டு என்று நாட்டுக்குக் காட்டும் முன்மாதிரியாகட்டும். லாரிச் சாலைத் தடம் அதன் பயனாகட்டும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். அவர்களுக்கு அன்று தடையாக நின்றது ஊர்ப்பேச்சு. அதனை மிதித்துத் தாண்டினார்கள். நமக்குச் சைக்கிள் வீட்டுக்கே வந்தது. ஊரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இறக்கை தந்தவர்கள் வானத்தைத் தர மறந்துவிட்டார்கள்!

மாணவ நண்பர்களே! வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் தம் ஊர்க் கிராம சபையின் உறுப்பினரே. மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, மிதிவண்டிக்கு ஒரு பாதை வேண்டும் என்று கேளுங்கள். தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். நானும் எங்கள் ஊரில் கேட்கப் போகிறேன். அப்பாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாட்டுக் கொட்டகையில் சாத்தியிருக்கும் என் சைக்கிளின் சங்கிலிக்கு நேற்று எண்ணெய் விட்டேன். சக்கரம் நன்றாகத்தான் சுழல்கிறது.