சிக்கனம் யாருக்குப் போதிக்கப்படுகிறது?

வாரச் செலவைத் திட்டமிட்டு வாழுமாறு ஆய்வு மாணவர்களுக்கு அறிவுரை வழங்குவோர் முதலில் ஓர் எளிய வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வாளருக்கான நான்-நெட் உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய்; வாரத்துக்கு ஏறத்தாழ 1,850. உணவு, மருந்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 2015இல் இதை நிறுத்த முனைந்தபோது, டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலக வாயிலில் இரவு பகலாக அமர்ந்து மாணவர்கள் காத்த தொகை இது. அன்று 25,000 ஆக இருந்த இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023இல் 37,000 ஆயிற்று, இதுவோ அசையவேயில்லை.

அந்தத் தொகையும் மாதந்தோறும் வருவதில்லை. வருகைச் சான்று, நெறியாளர் கையொப்பம், நிதிப்பிரிவு எனக் கோப்பு நகர்ந்து, பல மாதங்கள் கழித்து மொத்தமாக வருகிறது. மெஸ் கட்டணம் தாமதித்தால் மாணவருக்கு அபராதம் உண்டு. உதவித்தொகை தாமதித்தால் நிர்வாகத்துக்கு எதுவுமில்லை. வீட்டிலிருந்து பணம் வருபவர் காத்திருக்கிறார். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் கடன் வாங்குகிறார், பின்னர் ஆய்வைக் கைவிடுகிறார். அதற்கு ஊதாரித்தனம் என்று பெயரிடுவது அநீதி.

‘உதவி’ என்னும் சொல்லே இந்த அலட்சியத்துக்கு இடமளிக்கிறது. ஆய்வு உழைப்பு, அதற்குரியது ஊதியம். அதற்குக் குறித்த தேதி வேண்டும், விலைவாசியோடு உயரும் அளவு வேண்டும். சிக்கனத்தைப் பற்றிய போதனை அதன் பிறகு தொடங்கட்டும்.