முதல் செய்தி வீட்டுக்கு வரட்டும்

குமணன்சாவடியில் எங்கள் தெருவில் ராணுவ வீரர் ஒருவரின் மனைவி இரு பிள்ளைகளுடன் வாடகை வீட்டில் வசித்து வருகிறார். கடந்த 2025 மே 7-ஆம் தேதி 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கியது முதல், 10-ஆம் தேதி மாலை சண்டை நிறுத்தம் அறிவிக்கப்படும் வரை, அவர் வீட்டுத் தொலைக்காட்சி அணைக்கப்படவே இல்லை. கணவர் எல்லையை ஒட்டிய பகுதியில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். எந்த இடம் என்பது தெரியாது. கராச்சி துறைமுகம் தாக்கப்பட்டதாகச் சில தொலைக்காட்சிகள் அந்நாள்களில் முழங்கின. அது உண்மையன்று எனப் பின்னர் தெரியவந்தது. அதற்குள் மூன்று இரவுகள் அந்தப் பெண்மணி உறங்காமல் கழித்துவிட்டார். இறுதியில் வந்த தொலைபேசி அழைப்பு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. "நல்லா இருக்கேன், பசங்களைப் பார்த்துக்கோ" என்பதே செய்தி. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அஞ்சல் துறையிலிருந்து அயல்பணியில் சில ஆண்டுகள் ராணுவ அஞ்சல் சேவையில் பணியாற்றியவன் நான். படைவீரருக்கு வரும் கடிதத்தின் முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. அவருடைய எண், பெயர், படைப்பிரிவு, அதன்கீழ் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று மட்டுமே இருக்கும். அவர் பனிமலையில் இருக்கிறாரா, பாலைவனத்தில் இருக்கிறாரா என்பதை உறையைப் பார்த்து எவரும் அறிய முடியாது. ஆயினும் கடிதம் அவர் கைக்குச் சேர்ந்துவிடும். இருக்குமிடத்தை மறைப்பதும், நலத்தை வீட்டுக்குத் தெரிவிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு இந்த ஏற்பாடே சான்று.

ராணுவத்தின் மௌனத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. கைப்பேசியில் பகிரப்படும் ஒரு படம் ஒரு முகாமையே காட்டிக்கொடுத்துவிடும். முகநூல் உள்ளிட்ட 89 செயலிகளை நீக்குமாறு 2020 ஜூலையில் ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டதும், பாதுகாப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்ட வேண்டாம் என 2025 ஏப்ரலில் மத்திய அரசு ஊடகங்களை அறிவுறுத்தியதும் இக்காரணத்தால்தான். வீரரின் குடும்பத்தார் எவரும் இதை எதிர்ப்பதில்லை. படை எங்கே நகர்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. தம் மனிதர் உயிருடன் இருக்கிறாரா என்றே கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கான விடை எந்த வரிசையில் வந்து சேர்கிறது என்பதே சிக்கல். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நிகழ்ந்தது. மறுநாள் பகலில் ஓர் அதிகாரியும் இரு வீரர்களும் உயிரிழந்ததாக ராணுவம் அறிவித்தது. அம்மூவரில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். அன்றிரவே எண்ணிக்கை 20 ஆக உயர்ந்தது. எண்ணிக்கை மட்டும் வெளியாகிப் பெயர்கள் வெளிவராத அந்த மணி நேரங்களில், லடாக்கில் பணியாற்றிய ஒவ்வொரு வீரரின் வீட்டிலும் அந்த 20 பேரில் ஒருவர் தம்மவராக இருப்பாரோ என்ற அச்சம் குடியேறியிருக்கும்.

அவசர அறிவிப்பு எத்தகைய வதையாகும் என்பதைச் சியாச்சின் காட்டியது. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி 19-ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 பேர் பனிச்சரிவில் புதைந்தனர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டினர். எவரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று கருதப்பட்டு மறுநாளே இரங்கல்கள் வந்துவிட்டன. பிப்ரவரி 8-ஆம் தேதி கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா உயிருடன் மீட்கப்பட்டார். அழுது ஓய்ந்திருந்த மற்றைய வீடுகளில் அச்செய்தி எத்தகைய நம்பிக்கையை மூட்டியிருக்கும்! அந்த நம்பிக்கையும் பொய்த்தது. ஹனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி தில்லியில் காலமானார்.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. வீரரின் பணிப்பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் சொந்த ஊர் முகவரி. மனைவியோ பிள்ளைகளின் படிப்புக்காகக் குமணன்சாவடியிலோ ஆவடியிலோ வாடகை வீட்டில் இருக்கிறார். வீட்டை மாற்றிக்கொண்டும் இருக்கிறார். அதிகாரபூர்வச் செய்தி கிராமத்துக் கதவைத் தட்டும்போது, மனைவி அதைத் தொலைக்காட்சியின் அடிவரியில் படிக்க நேரிடுகிறது. 

இதைச் சரிசெய்யப் பெருஞ்செலவு தேவையில்லை. முதலாவதாக, வீரர் விடுப்பு முடிந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் குடும்பத்தின் தற்போதைய முகவரியையும் இரு தொலைபேசி எண்களையும் பதிவேட்டில் புதுப்பிப்பது கட்டாயமாக வேண்டும். இரண்டாவதாக, மோதல் நாள்களில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் தமிழில் பேசும் உதவி எண் ஒன்று இரவும் பகலும் இயங்க வேண்டும். 'உங்கள் வீட்டுக்கு உரிய செய்தி எதுவும் இதுவரை இல்லை' என்ற ஒரு வாக்கியம் போதும். அதில் எந்த ராணுவ ரகசியமும் இல்லை. உள்துறை அமைச்சகத்தின்கீழ் வரும் சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை வீரர்களின் குடும்பங்களுக்கும் இவ்வசதி உரியது. 2019 புல்வாமா தாக்குதலில் உயிர்நீத்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள்தாம் என்பதை மறக்கலாகாது. மூன்றாவதாக, குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டது உறுதியாகும் வரை உயிரிழந்தோர் பெயரையும் படத்தையும் வெளியிடுவதில்லை என்று ஊடகங்கள் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொள்ள வேண்டும்.

உயிரிழந்த வீரருக்கு அரசு மரியாதையுடன் குண்டுகள் முழங்க விடைகொடுக்கிறோம். அது நம் கடமை. அவர் உயிருடன் இருக்கும்போதே அவர் வீட்டாரின் அச்சத்தைப் பகிர்ந்துகொள்வதும் கடமைதான். எங்கள் தெருவில் அந்தத் தொலைக்காட்சி இப்போது இரவில் அணைந்துவிடுகிறது. அடுத்த பதற்றம் வருவதற்குள் அந்தப் பெண்மணியின் கையில், அழைத்தால் பதில் சொல்லும் ஓர் எண்ணையாவது நாம் தந்திருக்க வேண்டாமா?