தம்பிக்குப் பலகை, தங்கைக்கு?

பழம்பெருமை பேசுதல் எளிது. பேசிய பெருமைக்கேற்ப நடத்தலே அரிது.

'வல்' என்னும் ஆட்டத்தையும், அதற்குரிய பலகையையும், 'நாய்' எனப்பட்ட காயையும் தொல்காப்பியம் சுட்டுகின்றது. நரைத்த முதியோர் பொதியிலில் அமர்ந்து காய் வைத்து வைத்துக் குழிந்துபோன வல்லாட்டக் களத்தைப் புறநானூற்றின் 52ஆம் பாட்டுக் காட்டுகின்றது. இவற்றை எடுத்துக்காட்டி, இன்றைய சதுரங்கமாகிய நாற்படையாட்டமே தமிழன் கண்டதென மேடைதோறும் முழங்குவோர் உளர். வல்லும் நாற்படையாட்டமும் ஒன்றென்பதற்குப் போதிய சான்றில்லை. அவ்வாராய்ச்சி ஒருபுறம் நிற்க. அப்பொதியிலில் ஆடியிருந்தவர் முதியோர். பெண் எங்கே இருந்தாள்? இவ்வினாவை முழங்குவோர் எழுப்பியதுண்டா?

திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூர்க் கோயிற் கதையையும் பலர் பெருமையாகச் சொல்வர். ஆங்கோர் இளவரசி, ஆட்டத்தில் அவளை வெல்வார் எவருமிலர். சிவனே சித்தராக வந்து ஆடி வென்று அவளை மணந்தான் என்பது கதை. கேட்க இனிக்கின்றது. ஆயின், அப்பெண்ணின் ஈடற்ற அறிவு எதற்குப் பயன்பட்டது? மணமகனைத் தேர்ந்தெடுக்க! மணமாலை விழுந்ததும் கதை முடிகின்றது. அவள் மீண்டும் பலகைமுன் அமர்ந்தாளா என்று கேட்பாரில்லை.

கதை கிடக்க. கணக்கைப் பார்க்க. சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்து 1988இல் 'கிராண்ட்மாசுட்டர்' என்னும் பேராசான் பட்டத்தை இந்தியாவில் முதன்முதல் எய்தினார். தமிழ்நாட்டுப் பெண்ணொருத்தி அப்பட்டத்தை எய்த 35 ஆண்டுகள் சென்றன. 2023 திசம்பரில் அதனை எய்திய வைசாலி, இந்தியாவின் 84ஆம் பேராசான். அந்த 84 பேருள் பெண்கள் மூவரே: 2002இல் கோனேரு அம்பி, 2011இல் அரிகா, அவர்க்குப்பின் வைசாலி. 2025இல் திவ்யா தேசுமுக் நால்வராக்கினார்.

பெண்ணுக்கு அறிவாற்றல் குறைவென்று இக்கணக்கைக் காட்டி வாயாடுவோர்க்கு ஒரு சொல். நூறு சிறுவரை அமர்த்திய பலகைகளின் முன் சிறுமியர் எத்தனைபேரை அமர்த்தினீர்? விதைக்காத வயலில் விளைச்சலை அளப்பது எவ்வகை அறிவு?

பெண்டிர்க்கெனத் தனியே ஒரு பேராசான் பட்டம் உண்டு. அதற்கு 2300 தரப்புள்ளி போதும். இருபாலார்க்கும் பொதுவான பட்டத்துக்கோ 2500 வேண்டும். வைசாலி நுழைந்தது தாழ்ந்த வாயிலன்று. ஆடவர் நுழைந்த அதே வாயில். 2013இல் சென்னைக்கு வந்த மாக்னசு கார்ல்சன் ஒரே நேரத்தில் பலரோடு ஆடிய காட்சியாட்டத்தில், அவரைத் தோற்கடித்தபோது வைசாலிக்கு அகவை 12. 2024இல் தொராண்டோவில், உலக வாகைப் பட்டத்துக்கு அறைகூவுநரைத் தெரிந்தெடுக்கும் போட்டியில், தொடர்ந்து நான்கு ஆட்டங்களைத் தோற்றார். பின்னர் எஞ்சிய ஐந்தையும் தொடர்ந்து வென்றார். நான்கு முறை வீழ்ந்தபின் ஐந்து முறை எழுந்த அந்நெஞ்சுரத்தையன்றோ தமிழ்ச் சிறுமியர்க்குப் பாடமாக்கல் வேண்டும்! அதே ஆண்டில் புதாபெசுட்டு ஒலிம்பியாடில் பொன் வென்ற இந்திய மகளிர் குழுவிலும் அவர் இருந்தார்.

இத்தகையாரை உலகு எவ்வாறு அறிமுகஞ் செய்தது? 'பிரக்ஞானந்தாவின் அக்கை' என்று! பலகைமுன் முதலில் அமர்ந்தவர் அக்கை. அவரைப் பார்த்து அமர்ந்தவர் தம்பி. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆம் ஒலிம்பியாடு நடந்தபோது வேட்டியுடுத்த குதிரை உருவொன்று அதன் அடையாளமாயிற்று. அதன் பெயரும் 'தம்பி'! அழகிய தமிழ்ச்சொல்லே, குறையில்லை. ஆனால் அதே பந்தலில் வெண்கலம் வென்ற மகளிர் குழுவில் வைசாலி இருந்தாரே, 'தங்கை' என்றொரு குதிரை ஏன் துள்ளவில்லை? பெயரில் என்ன இருக்கின்றது என்பார் தமிழறியார். சொல்லிற்கு உயிருண்டு என்பாரே இதனை எண்ணல் வேண்டும்.

இனி, உளுந்தூர்ப்பேட்டைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடைப்பட்ட எலவனாசூர்கோட்டையை நோக்குக. ஆங்கே எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமியொருத்தி கூர்த்த மதியினள் எனக் கொள்க. ஆல நிழலிலும் கோயில் திண்ணையிலும் காய் நகர்த்துவோர் ஆடவர். அவளுக்கு அங்கே இடமில்லை. சென்னைப் போட்டிக்குச் செல்ல 200 கிலோமீட்டர். உடன்செல்லத் தாய் வேண்டும், தாய்க்கு அன்றைய கூலி போகும். வைசாலிக்கு ஊர்தோறும் உடன்சென்ற தாய் நாகலட்சுமி வாய்த்தார். கூலித்தாய்க்கு அது கைகூடுமா? பூப்பெய்திவிட்டாலோ, 'போதும், வீட்டிலிரு' என்பர். கல்வராயன் மலைச்சிறுமியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது.

மொழித்தடை வேறு. தொடக்க நகர்வும் இறுதியாட்டமும் படிப்படியே கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆங்கிலம் அறியாதவள் அறிவிலி ஆவாளோ? ஆட்டத்துக்கு மொழியில்லை, ஆட்டத்தைக் கற்பிக்கும் நூலுக்கு மொழியுண்டு. 'சதுரங்கம்' தமிழா வடமொழியா என வழக்காடும் புலவீர்! அவ்வழக்கில் செலவிடும் நேரத்திற் பாதியை நல்ல தமிழில் ஒரு பயிற்சிநூல் யாப்பதற்குச் செலவிடுக.

ஊர்தோறும் பள்ளியில் மாலைநேரப் பலகைகள் வைக்க. அவற்றிற் பாதி பெண்மக்களுக்கென்றே ஒதுக்குக. போட்டிக்குச் செல்லும் சிறுமிக்கும் உடன்செல்லும் தாய்க்கும் வழிச்செலவை ஊரார் ஏற்க. ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவு இதற்குப் போதும்.

இவற்றைச் செய்யாது வைசாலிக்கு மாலை சூட்டுதல், பிறர் உழுத நிலத்தில் கதிர் பொறுக்குதலே. கடைசிக் கட்டத்தை எய்திய காலாள் அரசியாகலாம் என்பது ஆட்ட முறை. முதற்கட்டத்திலேயே அவளை நிறுத்தி வைப்பது எந்த முறை? தமிழர் விடை கூறுக!