முன்னால் அம்மா... பின்னால் பாப்பா... பெடல் இருவருக்கும்!

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வந்தவர்களுக்கு அந்தச் சைக்கிள் புதிதல்ல. இரண்டு சீட், இரண்டு ஹேண்டில்பார், இரண்டு ஜோடி பெடல். வாடகைக்கு எடுத்து, சுமார் 5 கிலோமீட்டர் ஏரிப் பாதையைச் சிரித்துக்கொண்டே சுற்றிவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ‘டாண்டம்’ என்பது அதன் பெயர். டூர் போகும் இடத்து விளையாட்டாகவே தெரிந்த இந்தச் சைக்கிளை, குழந்தையோடு ஓட்டுவதற்காக மயிலாப்பூரிலோ அடையாறிலோ தி.நகரிலோ இருக்கும் ஒரு குடும்பம் சொந்தமாக வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால், கடைக்குப் போவதற்கு முன் குழந்தையின் கால் நீளம், வீட்டு மாடிப்படி, தெருவின் அகலம் மூன்றையும் அளந்துவிட வேண்டும்.

நடுவில் மாட்டிக்கொள்ளும் வயது

குழந்தை சின்னதாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. பெரியவர்களின் சைக்கிளில் பெல்ட்டோடு பொருத்தும் குழந்தை சீட்டுகள் கிடைக்கின்றன. ஐரோப்பியத் தர விதிப்படி, முன்பக்கம் பொருத்தும் சீட் 15 கிலோ வரைக்கும், பின்பக்க சீட் 22 கிலோ வரைக்கும்தான். ஒரு வயது நிறையாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை.

ஐந்து, ஆறு வயதில் குழந்தை அந்த சீட்டுக்குள் அடங்காது. அதற்குள் சைடு வீலைக் கழற்றிவிட்டு, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தானே ஓட்டவும் பழகியிருக்கும். அதற்காக எல்.பி. ரோட்டிலோ, சர்தார் பட்டேல் சாலையிலோ தனியாக விட முடியுமா? எதிரே வரும் வண்டி எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்கும் பக்குவம் அந்த வயதில் முழுதாக வந்திருக்காது. பத்து வயதை நெருங்கும்வரை இந்த இழுபறிதான். தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, தனியாக விடவும் முடியாது. டாண்டம் சைக்கிள் பயன்படுவது இந்த நான்கைந்து வருடங்களுக்குத்தான்.

பாரில் உட்கார்ந்த தலைமுறை

குழந்தையோடு சைக்கிளில் போவது தமிழ்நாட்டுக்குப் புதிய கலை இல்லை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ் சைக்கிள் தயாரிக்க ஆரம்பித்த 1950-களிலிருந்தே, பாரில் துண்டைச் சுற்றியோ, குட்டி சீட் ஒன்றை மாட்டியோ பிள்ளையை உட்காரவைத்து அழைத்துப்போன அப்பாக்கள் ஏராளம். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, மணியை அடித்துக்கொண்டு, தலைக்கு மேலே அப்பாவின் தாடை இருக்கும் தைரியத்தில் ஊரைப் பார்த்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள்.

அந்தப் பயணத்தில் ஓர் ஆபத்தும் கூடவே வந்தது. கேரியரில் உட்கார்ந்த குழந்தையின் கால் பின்சக்கரத்து ஸ்போக்ஸில் மாட்டிக்கொள்வது. குதிகாலைப் பதம் பார்க்கும் இந்தக் காயத்தை எலும்பு மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். குழந்தைக்குக் காலை வைக்க இடம் இல்லாததுதான் காரணம். டாண்டமில் குழந்தையின் காலுக்குப் பெடல் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. சுமையாக உட்கார்ந்து வந்த பிள்ளை, தன் பங்குக்கு மிதித்து வருகிறது. பெற்றோருக்குக் கிடைக்கும் உதவி கொஞ்சம்தான். ஆனால், ‘நானும்தான் ஓட்டினேன்’ என்று சொல்லும் உரிமை குழந்தைக்கு முழுசாகக் கிடைத்துவிடுகிறது.

வெளிநாடுகளில் முன்னால் இருப்பவரை ‘கேப்டன்’ என்றும், பின்னால் இருப்பவரை ‘ஸ்டோக்கர்’ என்றும் அழைப்பார்கள். ஸ்டோக்கர் என்றால், நீராவி இன்ஜினில் கரி அள்ளிப் போடுபவர். டாண்டம் வெறும் வேடிக்கை வண்டியும் இல்லை. 1908-லும், பிறகு 1920 முதல் 1972 வரையிலும் ஒலிம்பிக்கில் டாண்டம் பந்தயம் இருந்தது. பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடு உள்ள வீரர்கள் பின் சீட்டில் அமர்ந்து, பார்வையுள்ள துணை வீரர் முன்னால் ஓட்ட, இப்போதும் டாண்டமில் போட்டியிடுகிறார்கள்.

எத்தனை வகை?

முதல் வகை, முழு டாண்டம். ஒரே நீளமான ஃபிரேம், இரண்டு சக்கரம், இருவருக்கும் பெடல். இரண்டு பெடல்களையும் தனி செயின் ஒன்று இணைக்கும். அதனால் முன்னால் இருப்பவர் மிதிக்கும் அதே வேகத்தில் குழந்தையின் காலும் சுற்றும். பெரியவர் வேகம் எடுத்தால் குழந்தை திணறும். சில மாடல்களில் குழந்தை மிதிக்காமல் ஓய்வெடுக்கத் தனி ஃப்ரீவீல் உண்டு. குழந்தை முன்னாலும் பெற்றோர் பின்னாலும் உட்கார்ந்து, பின்னாலிருந்தே ஹேண்டிலைத் திருப்பும் வகையை டச்சுக்காரர்கள் விரும்புகிறார்கள். நம் ஊர் பார் சீட்டின் அண்ணன் என்று அதைச் சொல்லலாம்.

இரண்டாவது, ஒட்டு சைக்கிள். ஒரே சக்கரம் கொண்ட பாதிச் சைக்கிளைப் பெரியவரின் சைக்கிளுக்குப் பின்னால் கொக்கிபோல மாட்டிக்கொள்வது. மூன்றாவது, இழுவைக் கம்பி. குழந்தையின் சொந்தச் சைக்கிளையே முன்சக்கரத்தைத் தூக்கிப் பெரியவரின் சைக்கிளோடு இணைத்துவிடும். பார்க் வந்ததும் கழற்றினால் குழந்தை தனியே ஓட்டலாம். செலவும் குறைவு, இடமும் மிச்சம். ஆனால், இவை இரண்டிலும் பின்பகுதி கொஞ்சம் ஆடும். வளைவிலும் குழியிலும் நிதானம் தேவை.

கடையில் பார்க்க வேண்டியவை

டாண்டம் பெரும்பாலும் பெரியவர்கள் இருவருக்கான அளவில்தான் வரும். அதில் ஆறு வயதுக் குழந்தையை ஏற்றினால் கால் பெடலை எட்டாது. எட்டினாலும், பெடல் மேலே வரும்போது முழங்கால் வயிற்றில் இடிக்கும். பெரியவர்களின் கிராங்க் சுமார் 170 மில்லிமீட்டர் நீளம். குழந்தைக்கு அது கணிசமாகக் குறைய வேண்டும். அதனால் குழந்தையை அழைத்துப்போய், உட்காரவைத்து, பெடலைச் சுற்றிப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. சீட்டை இறக்க முடியுமா, வளர வளர உயர்த்த முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். பெடலில் கால் நழுவாமல் இருக்க ஸ்ட்ராப் இருப்பது நல்லது.

அடுத்தது பிரேக். 65 கிலோ பெரியவர், 20 கிலோ குழந்தை, ஏறக்குறைய 20 கிலோ சைக்கிள் என்றால், மொத்தம் 105 கிலோவை நிறுத்த வேண்டும். இரண்டு சக்கரத்திலும் உறுதியான பிரேக் இல்லாத டாண்டம் குழந்தைக்கு ஏற்றதல்ல. பின்பிரேக்குக்கு வழக்கத்தைவிட நீளமான கேபிள் தேவை. பக்கத்துத் தெரு பஞ்சர் கடையில் அது இருக்காது. ஒரு கூடுதல் கேபிளை முதல் நாளே வாங்கி வைத்துவிடலாம். டியூப், டயர் வழக்கமான அளவுதானா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

துப்பட்டாவும் வேட்டியும் மாட்டாதபடி இரண்டு செயினுக்கும் கவர் வேண்டும். பழைய சைக்கிள் இரண்டை வெட்டி ஒட்டி டாண்டம் செய்துதரும் வெல்டிங் யோசனை யாராவது சொன்னால், குழந்தை விஷயத்தில் அதைத் தவிர்த்துவிடுவதே உத்தமம். ஒட்டு விட்டுப்போனால், இருவரும் ஒன்றாக விழ வேண்டியதுதான்.

செலவில் ஓர் ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது.

பிறகு, வீடு. டாண்டமின் நீளம் ஏறக்குறைய எட்டு அடி. பெரும்பாலான அபார்ட்மென்ட் லிஃப்ட்டுகளில் நுழையாது. இரண்டாவது மாடிக்குத் தூக்கிப்போவது சாத்தியமில்லை. கீழே பூட்டிவைக்க நிழலான இடம் இல்லையென்றால், இழுவைக் கம்பியே போதும்.

எந்தத் தெரு, எந்த நேரம்?

நீளமான வண்டி என்பதால் டாண்டம் சட்டென்று திரும்பாது. கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளில் காய்கறி வாங்கும் நேரத்தில் அதை நுழைப்பது வீண் வம்பு. லஸ், மந்தைவெளி, பனகல் பார்க் பக்கமெல்லாம் மெட்ரோ பணிகளால் சாலைகள் குறுகி, பாதைகள் மாறியிருக்கின்றன. 2019-ல் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அகலமாகத்தான் இருக்கிறது. ஆனால், அது நடப்பவர்களுக்கானது.

அடையாறு காந்தி நகர், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர் உள்தெருக்களில் மர நிழல் உண்டு, வண்டிகளும் குறைவு. பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய சாலை விடிகாலையில் நன்றாக இருக்கும். 2014-ல் அங்கே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாகனங்களை நிறுத்திவிட்டு, சாலையைக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்டது மாநகராட்சி. சைக்கிளும் ஸ்கேட்டிங்கும் பல்லாங்குழியுமாகத் தெரு நிறைந்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவிகிதம் ஒதுக்க வேண்டும் என்ற கொள்கையை மாநகராட்சி ஏற்றதும் அதே ஆண்டில்தான். எட்டு மணிக்குப் பிறகு எல்.பி. ரோட்டைக் கடக்கும் எவருக்கும், அந்தக் கொள்கை போக வேண்டிய தூரம் புரியும்.

ஆகவே, காலை 6 மணி முதல் 7.30 வரை என்பதே உகந்த நேரம். தொடக்கத்தில் 20 நிமிடம் போதும். பின்னால் இருக்கும் குழந்தை தூங்கி வழிந்தால் முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே போவது பாதுகாப்பும்கூட. அக்னி நட்சத்திர வெயிலிலும், குழியை மறைத்துத் தண்ணீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சைக்கிளுக்கு ஓய்வு.

இருசக்கர மோட்டார் வாகனத்தில் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பெல்ட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சைக்கிளுக்கு அப்படிச் சட்டம் இல்லை. வீட்டில் இருப்பவர்களே சட்டம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஹெல்மெட் இருவருக்கும். குழந்தைக்கு மட்டும் மாட்டிவிட்டால், ‘உனக்கு ஏன் இல்லை?’ என்ற கேள்வி மறுநாளே வரும்.

‘மேடு வருது!’

ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பெரியவர் இரண்டு காலையும் தரையில் அகல ஊன்றி, பிரேக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் குழந்தை ஏற வேண்டும். ‘ரெடியா?’ என்று கேட்டு, ‘ரெடி’ என்று பதில் வந்த பிறகே கிளம்ப வேண்டும். இறங்கும்போது குழந்தை முதலில். பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது என்பதால், முன்னால் இருப்பவர் ‘மேடு’, ‘பள்ளம்’, ‘நிறுத்தப்போறேன்’ என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஸ்பீடு பிரேக்கருக்குப் பெயர்போன தெருக்களில் இது பாட்டுபோல ஓடும்.

இப்படிக் குரல் கேட்டுப் பழகும் குழந்தை, எங்கே வேகம் குறைக்க வேண்டும், எந்த முனையில் நின்று பார்க்க வேண்டும், பஸ் நின்றால் ஏன் இடப்பக்கம் நுழையக் கூடாது என்பதையெல்லாம் தெருவிலேயே கற்றுக்கொள்கிறது. அறிவுரையாகச் சொன்னால் காதில் ஏறாத விஷயங்கள் இவை.

எந்தக் குழந்தையும் டாண்டமின் பின் சீட்டில் நெடுநாள் இருக்கப்போவதில்லை. ஒன்பது, பத்து வயதில், ‘நான் தனியா ஓட்டறேன்’ என்று கேட்கும். அன்று வண்டியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். கேட்பதற்கு முன் குழந்தை தானாகவே ஹெல்மெட்டை எடுத்து மாட்டியிருந்தால், கொடுத்த காசு வீண்போகவில்லை.